உங்கள் பேச்சை நீங்களே கேட்டிருக்கிறீர்களா?

மக்கள் தொடர்பு, விளம்பரம், ஊடகம் என எந்தப் பிரிவில் பணியாற்றினாலும், அடுத்த கூட்டத்தில் சொல்லப்போவதை முந்தைய நாளே இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

முதல் முறை கேட்கும்போது 'இதுவா என் குரல்?' என்று கூசும். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பின் வழியாகவும் நம் காதை எட்டுகிறது. அதனால்தான் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லை. மற்றவர்கள் எப்போதும் கேட்பது ஏறக்குறைய அந்தப் பதிவுக் குரலைத்தான், யாரும் ஓடிவிடவில்லையே!

இரண்டாம் முறை பேனாவுடன் உட்காருங்கள். 'தவறாக இருந்தால் மன்னிக்கவும்', 'சின்ன யோசனைதான்' போன்ற தற்காப்புச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கோடு போடுங்கள். என் முதல் பதிவில் பதினொன்று இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழிக்க முயன்றால் பேச்சே திக்கும். வாரத்துக்கு ஒன்றை நீக்கினால் போதும்.

சாதித்த பெண்களே 'எனக்குத் தகுதியில்லை' என்று தயங்குவதை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசான் ஐம்ஸும் 1978இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஆகவே தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

புதிய மென்பொருளோ காணொளித் தொகுப்போ கற்கும்போதும் இதே வழிதான். கற்ற அன்றே, அதைச் சக ஊழியர் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, நாளைய பாடம் அங்கே தொடங்குகிறது.