வெடி மட்டும் கேட்கிறது, வசனம் கேட்கவில்லை: ஹோம் தியேட்டர் அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் ஆட்கள் கதைப்பது கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிரும். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். வசனத்துக்கென்று வரும் நடு ஸ்பீக்கர் கிடையாது.

பாஸை, அதாவது அடித்தொனியைக் குறைத்தேன். வெடி அடங்கியது, பேச்சு தெளியவில்லை. பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோட் போட்டும், டிவியின் டிஜிட்டல் வெளியீட்டை பிசிஎம் என்ற சாதாரண ஸ்டீரியோ வடிவத்துக்கு மாற்றியும் பயனில்லை. நாட்கள்தான் வீணாகின.

பிறகுதான் கவனித்தேன்: ஒரு ஸ்பீக்கர் பக்கமாகப் போய் நின்றால் குரல் தெளிவு, சோபாவின் நடுவில் உட்கார்ந்தால் கரைந்துவிடுகிறது. ஸ்டீரியோவில் வசனம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். ஒரு ஸ்பீக்கரின் வயரில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் ஒரு கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். நடுவில் இருப்பவருக்குக் குரல் மெலிந்துவிடும். வெடியின் உறுமல் சப்வூஃபரில் இருந்து வருவதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஸ்பீக்கர்களின் பின்பக்க வயரில் ஒன்று செம்பு நிறம், மற்றது வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். கடல் காற்றில் இரண்டு நுனியும் கறுத்து ஒன்றுபோலவே இருந்தன. கடைசியாகக் கழற்றிப் பூட்டிய ஆள் அதில்தான் குழம்பியிருப்பார். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்பில் இருந்து வயர்களைக் கழற்றி, ஆம்பின் பிளஸில் இருந்த நுனிக்குப் பற்றரியின் பிளஸ் படும்படி 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டேன். பிளஸ் சரியாக இருந்தால் கோன் வெளியே வரும். வலது பக்கத்தில் அது உள்ளே போனது.

கறுத்த நுனிகளை வெட்டி, வலது வயரை மாற்றிப் பூட்டினேன். குரல் திரையின் நடுவுக்கு வந்துவிட்டது, அப்பாடா! பாஸைப் பழைய அளவுக்கே வைத்துவிட்டு, பிளஸ் வயர்களில் சிவப்பு டேப் சுற்றினேன்.