நிக்ஸி குழாய்க் கடிகாரம்: டர்பன் வீட்டு மேசையில் கட்டும் முறை

நிக்ஸி குழாய் என்பது எண்களை ஒளிரச் செய்து காட்டும் கண்ணாடிக் குழாய். அதற்குள் சூடேறும் இழை எதுவும் இல்லை. 0 முதல் 9 வரையிலான எண்களின் வடிவில் செய்த மெல்லிய எதிர்மின்முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னால் வலை போன்ற நேர்மின்முனை இருக்கும். எந்த எண்ணுக்கு மின்னோட்டம் போகிறதோ, அதைச் சுற்றியுள்ள நியான் வாயு செம்மஞ்சளாக ஒளிரும். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்த இக்குழாய், எல்.இ.டி. எண்கள் மலிவானதும் வழக்கொழிந்தது. இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சோவியத் காலத்துப் பழைய சரக்கு என்பதால், குழாயின் ஆயுளை முன்வைத்தே சுற்றை வடிவமைக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு ஐஎன்-12 என்ற சோவியத் வகைக் குழாயைப் பரிந்துரைக்கிறேன். இதன் கெட்டியான ஊசிகளைத் தாங்கியில் செருகலாம். ஒரு குழாய் பழுதானால் பலகையைச் சுரண்டாமல் மாற்றிவிடலாம். இதில் 5 என்ற எண் தலைகீழாகத் திருப்பிய 2 என்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். அதைக் குறையென்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

வேலைக்குப் பிள்ளையார் சுழியை மின்வழங்கியில்தான் போட வேண்டும். குழாய் பற்றிக்கொள்ள ஏறத்தாழ 170 வோல்ட் தேவை. பற்றிய பின் அதன் குறுக்கே சுமார் 140 வோல்ட் நிற்கும். இதற்காகச் சுவரில் வரும் 230 வோல்ட்டை நேரடியாகத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரையும், 12 வோல்ட்டை 180 ஆக உயர்த்தும் மேக்ஸ்1771 வகைப் பலகையையும் பயன்படுத்துங்கள். மணிக்கு இரண்டும் நிமிடத்துக்கு இரண்டுமாக நான்கு குழாய்களுக்கும் சேர்த்து 2 வாட் கூடத் தேவைப்படாது. ஆனாலும் 180 வோல்ட் நேர்மின்சாரம் உயிருக்கு ஆபத்தானது. வெளியீட்டுக் கெபாசிட்டரின் குறுக்கே 470 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால், மின்சாரத்தை நிறுத்தியதும் அதில் தேங்கிய மின்னூட்டம் தானாக வடியும். அதன் பிறகும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். சுற்று இயங்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஒவ்வொரு குழாயின் நேர்மின்முனைக்கும் தனித்தனி ரெசிஸ்டர் கட்டாயம். 180-இலிருந்து 140-ஐக் கழித்தால் எஞ்சும் 40 வோல்ட் அந்த ரெசிஸ்டரில் விழும். 15 கிலோ ஓம் வைத்தால் சுமார் 2.7 மில்லி ஆம்பியரும், 18 கிலோ ஓம் வைத்தால் சுமார் 2.2 மில்லி ஆம்பியரும் ஓடும். வெளிச்சம் சற்றே குறைந்தாலும் 18-ஐயே தேர்ந்தெடுப்பேன். எண் முழுவதும் ஒளிராமல் ஒரு பகுதி இருண்டிருந்தால், முதலில் மற்ற எண்களைப் பாருங்கள். எல்லா எண்களும் அப்படியே இருந்தால் மின்னோட்டம் போதவில்லை. ஓர் எண் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், நெடுநாள் ஒளிராமல் கிடந்த அந்த எண்ணின்மேல் அண்டை எண்களிலிருந்து தெறித்த உலோகத் துகள் படிந்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் சில மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டால் பெரும்பாலும் தெளியும். மணிக்கூறின் முதல் இலக்கம் 0, 1, 2 தவிர வேறெதையும் காட்டுவதில்லை என்பதால் அந்தக் குழாய்தான் முதலில் பாதிக்கப்படும். ஆகவே நாள்தோறும் சில நிமிடங்கள் பத்து எண்களையும் சுழற்றிக் காட்டும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

எண்களை இயக்க, கேட்ட எண்ணை மட்டும் ஒளிரவிடும் கே155ஐடி1 சில்லுகள் குழாய்க்கு ஒன்றாக நான்கும், அவற்றுக்குக் கட்டளை தர, நிரல் எழுதக்கூடிய சிறு பலகையான ஆர்டுயினோவும், அதன் வெளியீடுகளைப் பெருக்கும் இரண்டு 74எச்சி595 சில்லுகளும் போதும்.

நேரத்தைக் காக்க, மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் நேரத்தைக் கணக்கிடும் டிஎஸ்3231 பலகையைச் சேருங்கள். தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துச் சமைத்துப் பழகிய நமக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலிவான பலகைகள் பலவற்றில் பேட்டரிக்கு மின்னேற்றும் பாதை ஒன்று இருக்கும். மின்னேற்றக் கூடாத சிஆர்2032 பேட்டரியை அதில் போட்டால் அது உப்பிப் பழுதாகும். அந்தப் பாதையில் உள்ள ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள்.

டர்பன் கடற்கரையின் ஈரமும் உப்பும் கலந்த காற்று உயர் மின்னழுத்தச் சுற்றுக்குப் பகை. பற்றவைத்த இடங்களில் எஞ்சிய ஃபிளக்ஸ் என்ற பற்றவைப்புப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின், தாங்கிகளின் துளைகளை மூடி வைத்துவிட்டு, பலகைக்குக் காப்பு வார்னிஷ் பூச வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மழைக்காலத்தில் ஓர் எண்ணின் பின்னால் இன்னோர் எண் மங்கலாகத் தெரியத் தொடங்கலாம்.

மூடியைத் திருகுவதற்கு முன், அடாப்டரைப் பிடுங்கிவிட்டு இரண்டு மணி நேரம், அதாவது முன்பு ஒரு மின்வெட்டு நீடித்த நேரம், காத்திருந்து மீண்டும் செருகுங்கள். நேரம் சரியாக இருந்தால் பெட்டியை மூடலாம். தவறினால் நிரலில் பிழை தேடுவதற்கு முன் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.