உங்களுக்குப் பிடித்த காபி, டீ எது? கண்டுபிடிக்க ஒரு செய்முறை

“காபியா? ஒரே கசப்பு, எனக்கு ஆகாது” என்று சொல்பவர்களிடம் எவ்வளவு தூள் போட்டீர்கள், எத்தனை நிமிடம் ஊறியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. டீ பிடிக்காது என்பவர்களும் அப்படித்தான். ஒரே பாக்கெட் தூளில் புளிக்கிற காபியும் போடலாம், கசக்கிற காபியும் போடலாம், இரண்டுமில்லாத நல்ல காபியும் போடலாம். யாரோ போட்டுக் கொடுத்த ஒரு கப்பை வைத்து வாழ்நாள் முடிவு எடுக்க வேண்டியதில்லை.

தேவையானவை: கிராம் காட்டும் சின்னத் தராசு, போனில் டைமர், ஒரு வடிகட்டி, குறித்து வைக்க ஒரு தாள். தராசு இல்லையென்றால் எப்போதும் ஒரே கரண்டியால் தலை தட்டி அளந்துகொள்ளுங்கள். வெப்பமானி வாங்கப் போக வேண்டாம்.

படி 1: அடிப்படைக் கப் ஒன்றைப் போடுங்கள்

பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முகம் சுளிக்காதீர்கள், அவற்றைப் பிறகு சேர்க்கத்தான் போகிறோம்.

காபி: 200 மில்லி தண்ணீருக்கு 12 கிராம் தூள். ரவைக்குக் கொஞ்சம் பெரிதான அரைவை வசதி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 4 நிமிடம் ஊறியதும் வடிகட்டுங்கள்.

கறுப்புத் தேயிலை: 200 மில்லிக்கு 2 முதல் 2.5 கிராம், நன்றாகக் கொதிக்கும் தண்ணீர், 3 நிமிடம்.

பச்சைத் தேயிலைக்கும் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் 70 முதல் 80 டிகிரிதான் இருக்க வேண்டும். கொதித்த தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிச் சில நிமிடம் ஆறவிட்டால் போதும். கிரீன் டீ கஷாயம் மாதிரி இருக்கிறது என்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

இன்ஸ்டன்ட் காபிக்கு இந்தப் படிகளில் பாதி பொருந்தாது. அதில் சாறு இறக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான்.

இந்த அளவுகள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கம், அவ்வளவே. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுபவர்களுக்கும் இதே தேவை இருக்கிறது. அதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரநிலை 1980-இல் வந்தது. 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். அப்படிப் போட்ட டீ குடிக்க இதமாக இருக்காது. எல்லாத் தேயிலையையும் ஒரே மாதிரி சோதிக்கத்தான் அது.

படி 2: பிடிக்காதது எது என்று பெயர் சொல்லுங்கள்

கொஞ்சம் ஆறவிட்டுக் குடியுங்கள். நாக்கைச் சுடுகிற சூட்டில் சுவை தெரியாது. அதோடு, 65 டிகிரிக்கு மேலான சூட்டில் பானங்களைக் குடிப்பதை, அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்ற வரிசையில் 2016-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்திருக்கிறது.

இப்போது “நல்லா இல்லை” என்று எழுதாமல், நான்கில் எது என்று எழுதுங்கள்: கசப்பு, புளிப்பு, துவர்ப்பு, தண்ணியாக இருப்பது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வது சகஜம். குடித்து முடித்த பிறகு கன்னத்தின் உட்புறமும் நாக்கும் வறண்டு இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு. தேயிலையின் பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வரும் உணர்வு அது.

படி 3: திடத்தையும் கசப்பையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

நேரம் இல்லையென்றால் மற்றப் படிகளை விட்டுவிடுங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.

முதல் நாள், தூளின் அளவை மாற்றாமல் மூன்று சின்னக் கப் காபி போடுங்கள். ஒன்று 2 நிமிடம், இன்னொன்று 4, மூன்றாவது 8. அடுத்த நாள் நேரத்தை 4 நிமிடத்திலேயே நிறுத்தி, அளவை மட்டும் மாற்றுங்கள்: 200 மில்லிக்கு 9, 12, 15 கிராம் என்ற விகிதத்தில். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மடக்கு, ஒரு மடக்காகக் குடித்துப் பாருங்கள். டீ என்றாலும் இதே மாதிரி ஒரு நாள் நேரத்தை மட்டும், அடுத்த நாள் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

தூளிலிருந்து எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. புளிப்பு தரும் அமிலங்கள் சீக்கிரம் வந்துவிடும், கனமான கசப்பு கடைசியில் வரும். அதனால் 2 நிமிடக் கப்பில் புளிப்பு தூக்கலாகவும், 8 நிமிடக் கப்பில் கசப்பு தூக்கலாகவும் இருக்கும். இரண்டாம் நாள் கப்களில் முக்கியமாக மாறுவது திடம்.

“ஸ்ட்ராங்கா வேணும்” என்றால் பலரும் செய்வது, தூளை அப்படியே வைத்துக்கொண்டு அதிக நேரம் ஊறவிடுவது, அல்லது டீயை மறுபடி மறுபடி கொதிக்க வைப்பது. கிடைப்பது திடமல்ல, கசப்பும் துவர்ப்பும். தேயிலையில் கஃபீனின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு காத்திருப்பதில் துவர்ப்புதான் லாபம்.

ஆகவே:
- திடம் போதவில்லை: தூளைக் கூட்டுங்கள், நேரத்தைத் தொடாதீர்கள்.
- கசக்கிறது: நேரத்தைக் குறையுங்கள். காபியென்றால் இன்னும் கொஞ்சம் பெரிய அரைவை.
- காபி புளிக்கிறது: நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது நைசான அரைவை.
- தண்ணியாகவும் இருக்கிறது, கசக்கவும் செய்கிறது: முதலில் தூளைக் கூட்டுங்கள், அடுத்த கப்பில் நேரத்தைக் குறையுங்கள். சிக்கனமாகப் போட்ட தூளைப் பிழிந்தெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

படி 4: பாலும் சர்க்கரையும்

முதலில் பால் மட்டும். பாலின் கேசின் புரதம் தேயிலைப் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கும். பால் ஊற்றிக் குடிப்பவர்கள் தேயிலையைக் கூடுதலாகப் போட வேண்டியிருப்பதும் ஓரளவு இதனால்தான். பாலில்லாத டீக்கு நீங்கள் கண்டுபிடித்த அளவு இங்கே ஒத்துவராது, படி 3-ஐ இன்னொரு முறை செய்யுங்கள்.

அப்புறம் சர்க்கரை. அரை கரண்டியில் தொடங்குங்கள். கசப்பை மறைக்கத்தான் சர்க்கரை போடுகிறீர்கள் என்றால், கசப்பையே குறைப்பது நல்லது. மிகச் சிறிய சிட்டிகை பொடி உப்பு கசப்பைத் தணிக்கும். உப்புக் கரித்தால் அளவு மிஞ்சிவிட்டது.

படி 5: தூளை மாற்றிப் பாருங்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முறை சரியில்லாமல் விலை உயர்ந்த தூள் வாங்குவது வீண்.

இளம் வறுவலில் புளிப்பும் மணமும் தூக்கல், கரும் வறுவலில் கசப்பு தூக்கல். காபி வகைகளில் ரோபஸ்டா கொட்டையில் அரபிகாவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கஃபீன் இருக்கும், முரட்டுத்தனமும் கூட. பச்சை, ஊலாங், கறுப்பு என எல்லாத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருபவைதான், பதப்படுத்தும் முறைதான் வேறு.

காபி கட்சியா, டீ கட்சியா என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கிறது. பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவை வைத்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. கஃபீனின் கசப்பைக் கூடுதலாக உணரும் மரபணு அமைப்புள்ளவர்கள் காபியைக் குறைவாக அல்ல, அதிகமாகக் குடித்தார்கள். குயினைன் போன்ற வேறு கசப்புகளைக் கூர்மையாக உணர்பவர்கள் டீ பக்கம் சாய்ந்தார்கள். கசப்பைத் தாங்குவதே காபி ரசனை என்று பெருமை பேசுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

படி 6: உடம்பையும் கேளுங்கள்

நாக்குக்குப் பிடித்தது தூக்கத்துக்குப் பிடிக்காமல் போகலாம். குடித்த கஃபீனில் பாதி கழிய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். கர்ப்ப காலத்தில் இன்னும் மெதுவாகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் சொன்ன வரம்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. ஒரு கப் காபியில் ஏறத்தாழ 90, டீயில் அதில் பாதி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

முடிவில் உங்கள் தாளில் ஒரே வரி இருக்க வேண்டும். உதாரணமாக: “காபி, நடுத்தர வறுவல், 200 மில்லிக்கு 14 கிராம், மூன்றரை நிமிடம், பால் 50 மில்லி, சர்க்கரை இல்லை, மாலை 3 மணிக்குப் பிறகு வேண்டாம்.” அதைத் தூள் டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யார் போட்டாலும் அதே கப் கிடைக்கும். புது பிராண்ட் வாங்கும்போது அளவை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் சரி.