ஆன் டைமா, இன் டைமா? இங்லீஷ் ப்ரெபொசிஷன் ஃப்ரேஸ் படிக்கிற வழி

ப்ரெபொசிஷன்னா வார்த்தைக்கு முன்னாடி வர்ற இன், ஆன், அட் மாதிரி குட்டி வார்த்தைங்க, அது சேர்ந்து வர்ற தொடர்தான் ஃப்ரேஸ். இன், ஆன், அட் மூணுக்கும் தனித்தனியா அர்த்தம் மனப்பாடம் பண்ணிட்டு பேச ஆரம்பிச்சா கண்டிப்பா குழம்பும், ஏன்னா தமிழ்ல ரூம்ல, டேபிள்ல, வாசல்லன்னு எல்லாத்துக்கும் ஒரே "ல" போட்டு முடிச்சிடுவோம், இங்லீஷ்ல ரூமுக்கு இன், டேபிளுக்கு ஆன், வாசலுக்கு அட். அதனால பிரிச்சு பிரிச்சு படிக்காதீங்க, முழு ஃப்ரேஸையும் ஒரே வார்த்தையா எடுத்துக்கோங்க. பை மிஸ்டேக்னா தவறுதலா, ஆன் பர்ப்பஸ்னா வேணும்னே. அங்க ஏன் பை, இங்க ஏன் ஆன்னு ஆராய்ச்சியே வேணாம்.

ரொம்ப மாத்தி பேசுறது ஜோடி ஜோடியா வர்றதுதான், அதை ஜோடியாவே படிச்சிடுங்க. ஆன் டைம்னா சொன்ன நேரத்துக்கு கரெக்டா, பத்து மணி மீட்டிங்னா பத்துக்கு ஆரம்பிக்கிறது. இன் டைம்னா லேட்டாகிறதுக்குள்ள, ட்ரெயின் கிளம்புறதுக்குள்ள ஸ்டேஷன் போய் சேர்ந்துட்டோம்ல, அது. ஆன் தி வே-ன்னா வந்துட்டே இருக்கேன், இன் தி வே-ன்னா வழிய மறிச்சு குறுக்க நிக்கிறது, பை தி வே-ன்னா பேச்சுக்கு நடுவுல "ஆமா, இன்னொண்ணு"ன்னு வேற விஷயம் எடுப்போமே அது. அட் தி எண்ட் ஆஃப் தி மந்த்னா மாசக் கடைசில, இன் தி எண்ட்னா எல்லாம் நடந்து முடிஞ்சு கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு. ஒரு குட்டி "தி" கூட அர்த்தத்தையே மாத்திடும் பாருங்க, இன் ஃப்ரண்ட் ஆஃப் தி கார்னா காருக்கு வெளிய முன்னாடி, இன் தி ஃப்ரண்ட் ஆஃப் தி கார்னா காருக்குள்ள முன் சீட்டு பக்கம்.

சிலதுல ஒரு பேட்டர்ன் இருக்கும், அதை விட்டுடாதீங்க. அவுட் ஆஃப் ஸ்டாக்னா சரக்கு தீந்துபோச்சு, அவுட் ஆஃப் வொர்க்னா வேலை இல்ல, அவுட் ஆஃப் ஆர்டர்னா மெஷின் ஓடல, அவுட் ஆஃப் கண்ட்ரோல்னா கைமீறி போச்சு. எல்லாத்துலயும் "இருந்தது இப்ப இல்ல"ங்கிற சாயல் தெரியுது இல்லயா? ஆனா ஃபார் குட் மாதிரி சிலது ஏமாத்திடும், நல்லதுக்குன்னு அர்த்தமே இல்ல, ஒரேயடியா, நிரந்தரமான்னு அர்த்தம். ஷீ லெஃப்ட் ஃபார் குட்னா போனவங்க இனி திரும்பி வரமாட்டாங்க.

படிக்கிறப்ப ஒரு நோட்டுல ஃப்ரேஸ் எழுதி, பக்கத்துல உங்க வாழ்க்கையில உண்மையா நடந்த ஒண்ண வச்சு ஒரு வாக்கியம் எழுதுங்க, புக்ல இருக்கிற உதாரணம் சீக்கிரம் மறந்துடும். மறுநாள் இங்லீஷை மறைச்சிட்டு தமிழ் அர்த்தத்தை மட்டும் பாத்து வாய்விட்டு சொல்லுங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தாராளமா போதும். டிக்‌ஷனரில தேடும்போது ஆன் பர்ப்பஸுக்கு ஆன்ல போய் தேடாதீங்க, பெரும்பாலும் பர்ப்பஸ்ங்கிற வார்த்தைக்கு கீழதான் இருக்கும்.

அப்புறம் வெர்ப், அட்ஜெக்டிவ் கூட வர்றதையும் இதே நோட்டுலயே சேத்துக்கோங்க. டிபெண்டுக்கு ஆன், மேரீடுக்கு டு, வித் கிடையாது. டிஸ்கஸுக்கு அப்புறம் அபவுட் வேண்டவே வேணாம், டிஸ்கஸ் தி ப்ராப்ளம்னு நேரா சொன்னா போதும்.