விசைப்பலகையா, தொடுதிரையா: மாற்று ஸ்மார்ட்போனைத் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய ஸ்மார்ட்போனுக்கு மாற்றுத் தேடும்போது, அதில் எந்த வேலையை அதிகம் செய்கிறீர்கள் என்பதை முதலில் கவனியுங்கள். நீண்ட மின்னஞ்சல்களைத் திரையைப் பாராமலே தட்டிப் பழகியவருக்கு, விரல் நுனியில் விளிம்பு தட்டுப்படும் விசைகள் தரும் உறுதியைத் தொடுதிரை தருவதில்லை. ஆனால் அந்த விசைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருப்பதால், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் எழுதுபவருக்குத் தொடுதிரையே வசதி என்பது என் கருத்து. காணொளி, வரைபடம் பார்ப்பவர்களுக்கும் அதுவே ஏற்றது.

விசைகள் கொண்ட பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறதென்று அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். விசைகளுடன் வந்த சில பிளாக்பெர்ரி போன்களில் இருந்த பிளாக்பெர்ரி 10 இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன. 2018இல் வெளிவந்த, விசைகள் கொண்ட பிளாக்பெர்ரி கீ2 ஆண்ட்ராய்டில் இயங்கினாலும், அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இப்போது வருவதில்லை. எந்த மாடலானாலும், கையில் வைத்து ஒரு முழுப் பத்தியைத் தட்டிப் பார்த்து, எத்தனை பிழைகள் விழுந்தன என்று எண்ணிய பிறகே பணம் கொடுங்கள்.