நவஹோ நிலத்தில் ஆண்டிறுதி விடியல் ஓட்டம்: ஏற்பாடு செய்வது எப்படி

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடியினரான நவஹோ மக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். விடியலில் கிழக்கு நோக்கி ஓடுவது, அவர்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லித்தரும் பழைய பழக்கம். ஹோகன் எனப்படும் மரபு வீட்டின் வாசல் கிழக்கு பார்த்திருக்கும். சூரியன் எழும் முன் அந்த வாசலிலிருந்து ஓடி, வெளிச்சத்தை எதிர்கொண்டுவிட்டுத் திரும்புவார்கள். டிசம்பர் கடைசியில் ஃபீனிக்ஸ், ஆல்புகர்க்கி போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது, குடும்பமாகச் சேர்ந்து ஓட வாய்ப்புக் கிடைக்கிறது. அப்படி அழைக்கப்பட்டுப் போகிறவர்களுக்கும், தங்கள் வீட்டாருக்காக ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் உதவும் விவரங்கள் இவை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த வீட்டிலிருந்து கிளம்புவது என்பதைத்தான். வீடு முடிவானால் பாதை, நேரம், வேகம் எல்லாம் அதையொட்டி அமைந்துவிடும். வரைபடத்தில் அழகான பாதையைப் பிடித்துவிட்டு அப்புறம் தங்க இடம் தேடுகிறவர்கள், பாதி வழியில் யாரோ ஒருவருடைய ஆட்டுப்பட்டிக்குள் போய் நிற்பார்கள்.

யாருடைய நிலம்

நவஹோ நாடு எனப்படும் அவர்களுடைய தன்னாட்சிப் பகுதி அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 27,000 சதுர மைல் பரப்பில் விரிந்திருக்கிறது. தலைநகரம் விண்டோ ராக். காரில் போகும்போது வெறும் பொட்டலாகத் தெரியும் இடத்துக்கும் ஒரு குடும்பத்தின் மேய்ச்சல் உரிமை இருக்கும். அதனால் மண்பாதையைப் பார்த்ததும் இறங்கி ஓடக் கூடாது. அழைத்த குடும்பத்திடம், "இங்கிருந்து கிழக்கே எதுவரை போகலாம், யார் வீடு குறுக்கே வரும்?" என்று முந்தைய நாளே கேளுங்கள். முடிந்தால் பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

பழங்குடிப் பூங்காக்களிலும் மலைப்பாதைகளிலும் நடக்கவோ ஓடவோ நவஹோ நாட்டுப் பூங்காத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். கேன்யன் டி ஷே என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கின் அடிப்பகுதிக்குள் போக நவஹோ வழிகாட்டி உடன் வர வேண்டும். 1931-இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டாலும் நிலம் டினே மக்களுடையதே. உள்ளே இன்றும் குடும்பங்கள் பயிர் செய்கின்றன. 1864-இல் அமெரிக்கப் படை அங்கிருந்த பீச் மரங்களையும் மக்காச்சோளக் கொல்லைகளையும் அழித்தது. மக்களை 300 மைலுக்கு மேல் நடத்தி, நியூ மெக்சிகோவிலுள்ள போஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்து வைத்தது. 1868 ஜூன் 1 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகே அவர்கள் ஊர் திரும்பினார்கள். வெளியாள் கேட்காமல் நுழைவதை இங்கே யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்த வரலாறும் காரணம்.

ஷிப்ராக் பாறையில் ஏறுவது, ட்ரோன் பறக்கவிடுவது, பழைய கல்வீட்டு இடிபாடுகளுக்குள் காலெடுத்து வைப்பது, பானை ஓட்டைப் பொறுக்குவது எதுவும் கூடாது. மதுவை எல்லைக்குள் கொண்டுவரவும் தடை உண்டு. ஆண்டிறுதிக் கொண்டாட்டம் என்று வண்டியில் புட்டியோடு வருகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

அழைக்க யாரும் இல்லையென்றால் டிசம்பரை விட்டுவிடுங்கள். கேன்யன் டி ஷே அல்ட்ரா, ஷிப்ராக் மாரத்தான் போன்ற ஓட்டங்கள் வேறு மாதங்களில் நடக்கின்றன. அவற்றில் பதிவு செய்து வருவதே முறையான வழி.

நேரமும் பாதையும்

டிசம்பர் கடைசி வாரத்தில் விண்டோ ராக், ஷிப்ராக் பக்கம் சூரியன் 7:20 வாக்கில் எழும். மேற்கே டூபா சிட்டியில் 7:30 ஆகும். அதற்கு அரை மணி நேரம் முன்பே பாதை மங்கலாகத் தெரியத் தொடங்கும். 6:50-க்கு வாசலை விட்டால் போதும். கோடையில் நவஹோ நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும், அரிசோனாவின் மற்ற பகுதிகள் நகர்த்தாது. அதனால் பெரிய குழப்பம் வரும். டிசம்பரில் அந்தத் தொல்லை இல்லை.

பாதை நேர் கிழக்கே போய் அதே வழியில் திரும்புவதாக இருக்கட்டும். சுற்றுப்பாதை வேண்டாம்: குழந்தையோ பெரியவரோ களைத்தால் அங்கேயே திரும்பிவிடலாம், வேகமாக ஓடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் போய்விட்டு வரலாம், யாரும் வழி தவற மாட்டார்கள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம் என்று வைத்தால் எல்லா வயதினருக்கும் பொருந்தும். மெதுவாக ஓடுகிறவரின் வேகமே கூட்டத்தின் வேகம். பெண் பூப்பெய்தும்போது நடக்கும் கினால்டா சடங்கிலும் அவள் கிழக்கு நோக்கி ஓடுவாள், ஒவ்வொரு முறையும் தூரத்தைக் கூட்டுவாள், உடன் ஓடுகிறவர்கள் அவளை முந்தக் கூடாது. ஆண்டிறுதி ஓட்டம் அந்தச் சடங்கல்ல. ஆனாலும் பாட்டியை முந்திக்கொண்டு ஓடிக் காட்டுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது இதிலிருந்து புரியும்.

உயரம்

வெளியூர்க்காரர்களைத் திணறடிப்பது இதுதான். ஷிப்ராக் ஊர் சுமார் 1,500 மீட்டர், சின்லி சுமார் 1,680, விண்டோ ராக் சுமார் 2,080 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சுஸ்கா மலையடியில் உள்ள சைலி 2,100 மீட்டரைத் தாண்டும். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சமவெளியில் பழகிய வேகத்தில் கிளம்பினால் முதல் கிலோமீட்டர் சுலபமாகவே போகும். இரண்டாவதில் மூச்சு முட்டும், அதன் பிறகு நின்றாலும் சீக்கிரம் சரியாகாது.

இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். முதல் நாள் நடை மட்டும். இரண்டாம் நாள் பதினைந்து நிமிட மெதுவோட்டம். மூன்றாம் நாள் விடியலில் குடும்பத்தோடு ஓடலாம். முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் நடைக்கு மாறுங்கள். காற்று மிகவும் வறண்டது, குளிரில் தாகம் தெரியாது. முந்தைய மாலையிலிருந்தே தண்ணீர் குடித்து வாருங்கள். தலைவலியும் தூக்கமின்மையும் முதல் இரவில் சகஜம். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் ஓட்டத்தைக் கைவிட்டுத் தாழ்வான இடத்துக்கு இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

குளிர், துணி, தரை

விண்டோ ராக் பக்கம் விடியலில் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் சாதாரணம். பள்ளத்தாக்கில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் மேட்டு வீட்டைவிட அங்கே இன்னும் குளிரும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, வெளியே காற்றைத் தடுக்கும் மேலாடை. பருத்தி கூடாது: வியர்வையில் நனைந்து, நின்றதும் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். விரல் பிரியாத கையுறை, காதை மூடும் தொப்பி. கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம் என்று பொருள். தண்ணீர்க் குழாய் வைத்த பைகளில் குழாய் உறைந்துவிடும், சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி மேலாடைக்குள் வையுங்கள். கைப்பேசியும் உள்பையில் இருக்கட்டும், குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும்.

தரையைப் பற்றித் தெரியாமல் வருகிறவர்கள் காலை அல்லது காரைச் சேதப்படுத்திக்கொள்கிறார்கள். களிமண் பாதைகள் விடியலில் கல்லாய் உறைந்திருக்கும். டயர் பதிந்த பள்ளங்களின் விளிம்பில் கால் பிசகினால் கணுக்கால் போச்சு. தடங்களுக்கு நடுவிலுள்ள மேட்டில் ஓடுங்கள். முற்பகலில் பனி உருகியதும் அதே பாதை சக்கரத்தைப் பிடித்து வைக்கும் சேறாகிவிடும். காரைத் தார்ச்சாலை அல்லது சரளை ஓரத்தில் நிறுத்திவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

கால்நடை தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி, இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். உறைபனி படிந்த குழாயில் ஓடக் கூடாது. நின்று, பக்கத்து வாயிற்கதவு வழியாகப் போங்கள். கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்: திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. நெருஞ்சி முள் இங்கேயும் உண்டு, மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி உதவாது.

நாய்கள் ஆட்டு மந்தையைக் காக்கின்றன. பாய்ந்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல், கீழே குனிந்து கல்லெடுப்பது போலக் காட்டி, மெதுவாக விலகுங்கள். மந்தைக்குள் புகாதீர்கள், சுற்றிப் போங்கள். அவிழ்த்துவிட்ட குதிரைகளிடமிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். தார்ச்சாலையில் போக வேண்டி வந்தால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி இடப்பக்கம், ஒளி தெறிக்கும் மேல்சட்டை, தலைவிளக்கு. பல சாலைகளில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

வழியில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். காற்றாலைத் தொட்டிகள் கால்நடைக்கானவை. 1944 முதல் 1986 வரை இந்த நிலத்தில் யுரேனியம் தோண்டினார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கும் மேல், சில கிணறுகளிலும் நச்சு கலந்திருக்கிறது. எச்சரிக்கைப் பலகையோ கம்பிவேலியோ தெரிந்தால் திரும்பிவிடுங்கள். கைப்பேசி அலைவரிசை விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பல வீடுகளுக்குத் தெரு முகவரியே இல்லாததால், கிளம்பும் வீட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதி வீட்டிலிருப்பவரிடம் கொடுங்கள். ஆம்புலன்சுக்கு அதைத்தான் சொல்ல முடியும். சின்லி, ஃபோர்ட் டிஃபையன்ஸ், ஷிப்ராக், டூபா சிட்டியில் மருத்துவமனைகள் உண்டு.

வெளிச்சம் வரும்போது

ஓடும்போது உரக்கக் குரல் கொடுப்பது வழக்கம். விடியலில் வரும் தெய்வங்களின் காதில் விழட்டும் என்பார்கள். குடும்பத்தார் கூவினால் நீங்களும் கூவலாம். திரும்பும் இடத்தில் யாராவது மக்காச்சோள மகரந்தத்தை எடுத்து வேண்டத் தொடங்கினால் பின்னே தள்ளி நின்று தலைவிளக்கை அணைத்துவிடுங்கள். படம் எடுப்பதும் வேண்டாம், அவர்களைப் பார்த்து அதையே தானும் செய்வதும் வேண்டாம். பனியில் புரண்டு உடம்பை உறுதியாக்கும் பழைய பயிற்சியும் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் அதில் சேரக் கூடாது. மற்றவர்களும் வீட்டு வாசலருகே, அடுப்பு எரிந்துகொண்டிருக்க, உலர்ந்த போர்வையோடு ஒருவர் காத்திருந்தால் மட்டுமே செய்யலாம்.

திரும்பி வந்த பிறகு

விருந்தாளி உட்கார்ந்துகொள்வதில்லை. விறகு பிளக்க வேண்டும். பல வீடுகளில் குழாய் இல்லாததால் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கும். கேட்காமலே கைகொடுங்கள்.

சூடாகக் குடிக்க நீல மக்காச்சோளக் கூழ். நான்கு பேருக்கு: மூன்று கோப்பைத் தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரத்தின் சலித்த சாம்பல் ஒரு தேக்கரண்டி போடுங்கள். ஒரு கோப்பை நீலச்சோள மாவை ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரில் தனியாகக் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், சாம்பல் கூடினால் கசக்கும். சாம்பல், ஜூனிப்பரின் பச்சை இலைகளைத் தனியாக எரித்து எடுத்ததாக இருக்க வேண்டும். நிலக்கரி எரிந்த அடுப்புச் சாம்பல் ஆகவே ஆகாது. கூழின் நீல நிறம் தெளிவாக வருவதும் அதில் கால்சியம் சேர்வதும் இந்தச் சாம்பலால்தான்.

பிறகு பேச்சு. டினே ஆண்டு அக்டோபரிலேயே மாறிவிடுகிறது. ஜனவரி 1 நாட்காட்டியின் வசதி, விடுமுறையின் வசதி. ஆனாலும் எல்லோரும் கூடியிருக்கும் நேரம் என்பதால் ஆண்டைத் திரும்பிப் பார்க்க இது தோதானது. அறிமுகத்தில் டினே மக்கள் நான்கு குலங்களைச் சொல்வார்கள்: தாயின் குலம் முதலில், அடுத்துத் தந்தையுடையது, பிறகு தாய்வழித் தாத்தா, தந்தைவழித் தாத்தா. ஆண்டுக் குறிப்பு எழுதும்போதும் இப்படி உறவுகளை முதலில் வைக்கலாம். முதலில் யார் யாருக்கு என்ன நடந்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாரைப் போய்ப் பார்க்காமல் விட்டோம். அடுத்து நிலம்: எந்த ஊற்று வற்றியது, பனி எப்போது விழுந்தது, ஆடு எத்தனை மிஞ்சின. ஓடிய கிலோமீட்டர் கடைசியில் ஒரே வரியில் வந்தால் போதும். கைக்கடிகாரத்தின் எண்களிலிருந்து எழுதத் தொடங்கினால் பக்கம் நிறையும், பாட்டிக்கு வாசித்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

இறந்தவர்களின் பெயரைச் சொல்லிப் பேசுவதைப் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. அவர்களாகப் பேசாதவரை நீங்கள் கேட்காதீர்கள். காயோட்டி என்னும் நரி போன்ற விலங்கைப் பற்றிய கதைகளும், விரல்களில் நூலைக் கோத்து உருவம் காட்டும் விளையாட்டும் குளிர்காலத்துக்கே உரியவை. முதல் இடி இடித்ததும் நிறுத்திவிடுவார்கள். அதனால் மாலையில் கதை தொடங்கினால் அது நல்ல வாய்ப்பு, ஆனால் ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே அனுமதி வேண்டும். விரலால் யாரையும் சுட்டாதீர்கள். கைகுலுக்கல் மென்மையாக இருக்கும், அழுத்திப் பிடிக்க வேண்டாம்.

கிளம்பும் நாளில் மண் உறைந்திருக்கும்போதே, காலை ஒன்பதுக்குள் வண்டியை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் நிலையங்கள் வெகு தூரம் தள்ளித்தான் இருக்கின்றன. தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்து வரும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.