நுரையீரல் ஊசி போட்ட தாய்க்கு ரத்தம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாயில் பெயர் எழுது, கையுறை போடு என்றெல்லாம் எங்கள் தண்டையார்பேட்டை லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சறுக்குவது வேறு இடத்தில்.

ஊசி போட்டதைக் கேட்காமல் விடுவது

குறைமாதத்தில் வலி கண்டால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் போடுவார்கள். 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, மொத்தம் 4 ஊசி. குழந்தையைக் காப்பாற்றும் மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையைச் செய்வதால், தாயின் உடம்பு சொந்தக் கார்டிசால் சுரப்பைக் குறைத்துவிடும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் கார்டிசால் சுரக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பியையும் அடக்கும். அந்த அட்ரினல் தரும் சரக்கில்தான் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரியால் என்ற ஹார்மோனைச் செய்கிறது. ஆகவே ஈஸ்ட்ரியாலும் விழும். சில நாளில் இரண்டும் தானாக ஏறிவிடும்.

காசிமேட்டிலிருந்து எட்டாம் மாதத்தில் ஒரு பெண் வந்தார். கொண்டுவந்த சீட்டில் ஊசியைப் பற்றி ஒரு வரி இல்லை. ரத்தம் எடுத்த பையனும் கேட்கவில்லை. கார்டிசால் அதலபாதாளத்தில். அட்ரினல் கெட்டுவிட்டது என்று யாரோ சொல்ல, வீடே அழுதது. மறுநாள் நான் கேட்டேன்: "ஏம்மா, ஊசி எதாவது போட்டாங்களா?"

"நாலு ஊசி போட்டாங்கக்கா. இங்க வர்றதுக்கு மொத நாள்தான் முடிஞ்சுது."

அவ்வளவுதான் விஷயம். ஒரு கேள்வி கேட்காததற்கு ஒரு குடும்பத்தின் தூக்கமும், மீன் விற்ற காசும் போயின. இன்றைக்கும் ஊசி விவரம் எழுதாத சீட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் பொங்குகிறது. ஊசியின் பெயர், கடைசி ஊசி போட்ட தேதி, மணி. மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். ப்ரெட்னிசோலோன் மாத்திரை என்றால் கதை தலைகீழ்: பல கருவிகள் அதையும் கார்டிசாலாக எண்ணி, அளவைக் கூட்டிக் காட்டும்.

அதே வாரம் குளுக்கோஸ் குடிக்க வைப்பது

ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரத்தில் சர்க்கரை 140 mg/dL-ஐத் தொட்டதும் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முத்திரை குத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு மட்டும் அந்த நாட்களில் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வெள்ளணு கூடியதும் தொற்று என்பது

ஊசியாலும் கூடும்.

ஆட்டுப் பாடத்தை மனுஷிக்குப் பொருத்துவது

1969-ல் நியூசிலாந்து டாக்டர் லிக்கின்ஸ் இந்த மருந்தின் வேலையைக் கண்டது செம்மறிக் குட்டிகளில். செம்மறியில் கார்டிசால் ஏறினால் கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரிந்து பிரசவம் தொடங்கும். மனித நஞ்சுக்கொடியில் அதற்கான நொதி இல்லை, ஆகவே மனுஷிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பொது அளவோடு ஒப்பிடுவது

கடைசி மாதங்களில் தாயின் கார்டிசால் இயல்பாகவே இரண்டு மூன்று மடங்கு இருக்கும். ஊசி எதுவும் போடாத கர்ப்பிணிக்குக் கர்ப்பமில்லாதவரின் சாதாரண அளவு வந்தால், அதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.